சூப் பாய்ஸ் ஆகலாம் வாங்க!

ராத்திரி பத்தரை மணிக்கு ஒரகடம் கூட்ரோட்டைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? சிங்கபெருமாள் கோவில்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோடும், வண்டலூர்ல இருந்து வாலாஜாபாத் போற ரோடும் குறுக்க வெட்டிக்கிற இடம். செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் ஒண்ணொண்ணா வந்து நிக்கும். முதுகுல பேக், கழுத்துல ஐ.டி. கார்டு, பாதித் தூக்கத்துல கண்ணு. இறங்குற முகங்கள்ல பாதிக்கு மேல உங்க வயசுதான். டிப்ளமோ முடிச்ச அப்ரண்டிஸ், ஃபைனல் இயர் இன்டர்ன், ஐ.டி.ஐ. முடிச்சுட்டு ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் ரயிலேறி வந்த பையன்கள்.

அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒண்ணுதான். "சாப்பாட்டுக்கு என்ன மச்சி?"

பரோட்டா கல்லு டொக்டொக்னு கூப்பிடும். ஃப்ரைட் ரைஸ் வாணலியில தீ எகிறும். மாசத்தோட முதல் வாரம் அதெல்லாம் ஓகே. கடைசி வாரம்? ஸ்டைபெண்ட் தீர்ந்துபோய், ஜிபே-ல பேலன்ஸ் பார்க்கவே பயந்து, ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான் டின்னர்னு படுத்த அனுபவம் இருக்கா? கையைத் தூக்காதீங்க, தெரியும். பெண்ணலூர், தண்டலம் பக்கம் காலேஜ் படிச்சுக்கிட்டு வெளியில ரூம் எடுத்துத் தங்குற ஆளுங்களுக்கும் இதே கதைதான்.

அதான் இந்த வாரம் ஒரகடம் பக்கத்துல ஒரு ரூமுக்குப் போய் உட்கார்ந்து, வயிறு முட்ட சூப் குடிச்சுட்டு வந்தோம்.

'சூப்பா? ரிசப்ஷன்ல குட்டிக் கப்புல, மேல ரெண்டு பிரெட் துண்டு மிதக்க விட்டுத் தருவாங்களே, அதா?'னு உதட்டைப் பிதுக்காதீங்க. காதல்ல கவுந்தவனுக்கு 'சூப் பாய்'னு பட்டம் கொடுத்து 2011-ல 'கொலவெறி' பாட்டு நாடு முழுக்கப் பரப்பினதுல இருந்து, நம்ம ஊர்ல சூப்புக்கு மரியாதையே போச்சு. நாம பேசப்போறது வேற சூப். தட்டு நிறைய ஊத்தி, அப்படியே டின்னரா முடிச்சுக்கிற சூப்!

கடைசி நேரக் கூறு

ரூம்ல மூணு பேர். ஒருத்தர் மெக்கானிக்கல் ஃபைனல் இயர், இன்டர்ன்ஷிப்ல இருக்கார். ஒருத்தர் டிப்ளமோ அப்ரண்டிஸ். மூணாவது தம்பி ஒடிசாக்காரர், கான்ட்ராக்ட்ல வேலை. தமிழ் பாதி, இந்தி பாதி, மீதி சைகை. ஆனா ரூமோட தலைமை சமையல்காரர் அவர்தான்.

இவங்க காய் வாங்குற நேரமே வேற. மார்க்கெட்டுக்குக் காலையில போறதில்லை. ராத்திரி கடை கட்டுற நேரத்துல தள்ளுவண்டிக்காரர்கிட்ட போவாங்க. அப்போ கிலோ கணக்கு கிடையாது, கூறுதான். ரெண்டு வதங்கின கேரட், கொஞ்சம் பீன்ஸ், அடிபட்ட தக்காளி நாலு, ஒரு துண்டு பரங்கி எல்லாம் ஒரே குவியல்ல. "எடுத்துட்டுப் போ தம்பி"னு தண்டோட கொத்துமல்லியும் மேல விழும். காலிஃப்ளவரைச் சுத்தி இருக்கிற இலையை வாங்குறவங்க எல்லோரும் ஒடிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. அதைக் கேட்டு வாங்கிட்டு வருவாராம் நம்ம ஒடிசா தம்பி. முதல் தடவை வண்டிக்காரர், "மாட்டுக்கா?"னு கேட்டாராம்!

சிரிக்காதீங்க. பச்சையா இருக்கிற பூக்கோஸ் இலை, முட்டைகோஸ் நடுத்தண்டு, முள்ளங்கி மேல இருக்கிற கீரை, கொத்துமல்லித் தண்டு, வெங்காயத்தாள், பீர்க்கங்காய்த் தோல், பச்சைப் பட்டாணியோட தோடு... நாம குப்பைக் கூடையில போடுற இதுங்க எல்லாத்துலயும் வாசனையும் ருசியும் இருக்கு. பீர்க்கங்காய்த் தோல்ல துவையல் அரைச்ச பாட்டி உங்க வீட்டுல இருந்திருப்பாங்களே! நார் இருக்கிற ஐட்டத்தை (பட்டாணித் தோடு, காளான் காம்பு மாதிரி) நல்லா வேகவிட்டு, சாறை மட்டும் வடிச்சுக்கிட்டு சக்கையைத் தூக்கிப்போட்டுடலாம். மத்ததைப் பொடியா நறுக்கிச் சாப்பிடவே செய்யலாம். தோலைப் பயன்படுத்துறதா இருந்தா மட்டும் கொஞ்சம் கூடுதலா கழுவுங்க. கோஸ், காலிஃப்ளவரை உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் முக்கி வச்சா உள்ளே குடியிருக்கிற புழு வெளியே வந்துரும்.

ரெண்டே ரெண்டு ஐட்டத்துல விளையாடாதீங்க. பச்சை நிறம் ஏறின, முளை விட்ட உருளைக்கிழங்கு ஒண்ணு. அதுல சேர்ற சோலனைன்ங்கிற நச்சு கொதிக்க வச்சாலும் போகாது. இன்னொண்ணு கசக்குற சுரைக்காய். நறுக்கினதும் ஒரு சின்னத் துண்டை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு முழுக் காயையும் வீசிடுங்க. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க மட்டுமில்ல, உயிரை விட்டவங்களும் நம்ம நாட்டுல உண்டு.

தண்ணியை நம்பினவர் கதை

சூப்புன்னா காய் வெந்த தண்ணிதானேன்னு நினைச்சா நீங்க தனியாள் இல்லை. உங்களுக்கு முன்னாடியே ஒரு பெரிய விஞ்ஞானி அதே தப்பைப் பண்ணியிருக்கார்.

1790-கள்ல ஜெர்மனியோட ம்யூனிக் நகரத்துல ரம்ஃபோர்டு பிரபுன்னு ஒருத்தர். நிஜப்பேர் பெஞ்சமின் தாம்சன். வெப்பம்னா என்னன்னு ஆராய்ச்சி பண்ணி ஃபிசிக்ஸ் புத்தகத்துல இடம்பிடிச்ச ஆள். ஊர்ல பிச்சை எடுத்தவங்களைக் கூட்டி வந்து வேலை கொடுத்து, குறைஞ்ச செலவுல வயிறு நிரப்ப ஒரு சூப் கண்டுபிடிச்சார். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, புளிச்ச காடி, உப்பு, மேல காய்ஞ்ச ரொட்டித் துண்டு. ஐரோப்பா முழுக்க அது பரவுச்சு. ஆனா அவர் ஒண்ணை நம்பினார். ரொம்ப நேரம் கொதிக்கும்போது தண்ணியே சத்தா மாறிடுதுன்னு! அவ்வளவு கம்மியான தானியத்துல ஆளுங்க தெம்பா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்னு எழுதியே வச்சார். தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் தண்ணிதான் பிரபு!

நம்ம ஊர்லயும் பஞ்சக் காலத்துல கஞ்சித் தொட்டி திறந்தாங்க. 1867-ல வடலூர்ல வள்ளலார் தொடங்கின தருமச்சாலையில அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னிக்கும் எரியுது. இங்கெல்லாம் பசியாத்தினது அரிசியும் பருப்பும்தான்.

ஸோ, விஷயம் சிம்பிள். வெறும் காய்கறி சூப் குடிச்சா அந்த நேரத்துக்கு வயிறு ரொம்பும், நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசிச்சு எழுப்பும். உள்ளே பருப்பு போட்டே ஆகணும். 100 கிராம் பருப்புல சுமார் 22-ல இருந்து 24 கிராம் புரதம் இருக்கு. இல்லைன்னா கடைசியில ஒரு முட்டையை உடைச்சு ஊத்துங்க, ஒரு முட்டைக்குச் சுமார் 6 கிராம். எட்டு மணி நேரம் லைன்ல நின்னுட்டு வர்ற உடம்புக்கு இதாவது வேண்டாமா?

ஒடிசா தம்பிக்கு இதை யாரும் சொல்லித் தரலை. அவங்க ஊர் 'டால்மா'வே அதுதான். பருப்போட பப்பாளிக்காய், வாழைக்காய், பரங்கின்னு கையில கிடைச்ச காயைப் போட்டு வேகவச்சு, சீரகமும் காய்ஞ்ச மிளகாயும் வறுத்துப் பொடிச்சுத் தூவுவாங்க. நம்ம ஆளுங்க அதுல இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி, மிளகைத் தட்டிப் போட்டாங்க. ஒரகடம் ஸ்பெஷல் சூப் ரெடி!

அடுப்பு மேட்டர்

செய்முறைக்கு முன்னாடி ஒரு எலெக்ட்ரிகல் கிளாஸ். ஈ.ஈ.ஈ. பசங்க சிரிச்சுக்கலாம். இண்டக்‌ஷன் ஸ்டவ் ஃபுல் ஸ்பீடுல 2000 வாட்ஸ் இழுக்கும். 230 வோல்ட்டுல அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். உங்க ரூம்ல செல்போன் சார்ஜ் போடுற சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான். அதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, அதுல ஸ்டவ்வை மாட்டினா ஒயர் சூடாகி உருகுற வாசனைதான் முதல்ல வரும். 700 வாட்ஸ் ரைஸ் குக்கர் சுமார் 3 ஆம்பியர்தான். அரை மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்கூட ஆகாது. ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறாரோ அதை வச்சு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. கேஸ்தான் வசதின்னா, இண்டேன் 'சோட்டு'ன்னு 5 கிலோ சிலிண்டர் இருக்கு. 2020-ல அந்தப் பேர் வச்சாங்க. ஊர் விட்டு ஊர் வந்த ஆளுங்களுக்காகவே, அட்ரஸ் ப்ரூஃப் கேட்காம அடையாள அட்டையை மட்டும் பார்த்துக் கொடுக்கிறது. டீ போடுற கெட்டில்ல மட்டும் சூப் வைக்காதீங்க. பருப்பு அடியில பிடிச்சுத் தீய்ஞ்சா, அப்புறம் வாழ்நாள் முழுக்க டீயில அந்த வாசனைதான்.

இப்போ நம்ம ரூம் செய்முறை, மூணு பேருக்கு. பாசிப்பருப்பு அரை டம்ளர், கழுவி அரை மணி நேரம் ஊறட்டும். (ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது ஊறப் போட்டுட்டுப் போகாதீங்க, நம்ம வெயில்ல திரும்பி வர்றதுக்குள்ள நுரைச்சிரும்.) குக்கர்ல பருப்பு, நாலு பல் பூண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள், அஞ்சு டம்ளர் தண்ணி. மூடியைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க, இல்லைன்னா பொங்கித் தரையெல்லாம் சூப். இருபது நிமிஷத்துல பருப்பு மலர்ந்ததும் கேரட், பரங்கி, தண்டு, தக்காளி எல்லாத்தையும் பொடியா நறுக்கிப் போடுங்க. இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் கரண்டியோட பின்பக்கத்தால நல்லா மசிச்சு விடுங்க. கடைசூப் கெட்டியா இருக்கக் காரணம் கார்ன்ஃப்ளார் மாவு. நமக்குப் பருப்பும் பரங்கியும் அந்த வேலையைச் செஞ்சுரும். இலைகளைக் கடைசியில போட்டு ரெண்டு கொதி. மிளகு, சீரகம் ஒவ்வொரு ஸ்பூன் தட்டி, உப்பு, இறக்கின பிறகு எலுமிச்சம்பழம். தாளிக்கணும்னு அவசியமே இல்லை. நெய் இருந்தா ஒரு சொட்டு, அம்மா ஊர்ல இருந்து கொடுத்து அனுப்பியிருந்தா!

தக்காளி விலை எகிறினா கவலையே படாதீங்க. 2023 ஜூலையில கிலோ நூறு ரூபாயைத் தாண்டினப்போ ரேஷன் கடையில வச்சு அரசாங்கமே கிலோ 60 ரூபாய்க்கு வித்தது ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி நேரத்துல புளிப்புக்கு எலுமிச்சையோ, கொஞ்சம் புளித்தண்ணியோ போதும். முருங்கைக்கீரை கிடைச்ச அன்னிக்கு வேற எதுவும் வேண்டாம். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, ரெண்டு கைப்பிடி கீரை, கூடவே அதே பருப்பு. வடிச்ச கஞ்சித் தண்ணியைக் கீழே ஊத்துற ரூம்மேட் இருந்தா, கையைப் பிடிச்சுத் தடுங்க. அன்னிக்கு வடிச்ச சூடான கஞ்சியில காயை வேகவச்சா கார்ன்ஃப்ளாரே தோத்துப்போகும்.

பாக்கெட் சூப்? அவசரத்துக்கு ஓகே. ஆனா பின்னாடி சோடியம் எவ்வளவுன்னு ஒருதரம் படிச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ள இருக்கணும்ங்கிறது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. அதுக்கு மேல ஊறுகாயும் நூடுல்ஸும் சேர்ந்தா என்ன ஆகும்?

ஒரு சின்ன கெத்து விஷயம். வெள்ளைக்காரன் நாட்டுல டின்ல அடைச்சு விக்கிற 'மல்லிகடானி' சூப் வேற எதுவுமில்ல, நம்ம மிளகுத் தண்ணிதான். மெட்ராஸ்ல வேலை பார்த்த துரைமார்கள் இதைக் குடிச்சுக் குடிச்சே 'மல்ஸ்'னு பட்டப்பேர் வாங்கினாங்க. சூப் பாய்ஸுக்கு எல்லாம் தாத்தா அவங்கதான்!

மிச்சம் வேற... பழசு வேற!

இனிமேதான் மேட்டரே. 'மிச்சத்துல சூப்'னதும் நேத்து சோறு, முந்தாநேத்து சாம்பார், டப்பாவுல மறந்துபோன குருமா எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கொதிக்கவிட்டா ஆச்சுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. "கொதிச்சா கிருமி செத்துடும்ல?"

கிருமி சாகும். ஆனா சிலது செத்தாலும் விட்டுட்டுப் போற விஷம் சாகாது. சோத்துல வளர்ற பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா. பேரே சீரியஸ்! அதோட விதைமாதிரியான ஸ்போர்கள் சோறு வேகுற சூட்டைத் தாங்கிக்கிட்டு உசுரோட இருக்கும். வெந்த சோறை மணிக்கணக்கா வெளியில வச்சா அது முளைச்சுப் பெருகி வாந்தி எடுக்கவைக்கிற நச்சை உண்டாக்கும். அந்த நச்சு நம்ம அடுப்புல கொதிக்கிற சூட்டுக்கெல்லாம் அசையாது. மதியம் பன்னிரண்டுக்குக் கட்டின டிபன் பாக்ஸ் சோறு, ஷீட் கூரை போட்ட ரூம்ல ராத்திரி பதினொண்ணு வரைக்கும் இருந்தா அது சூப்புக்கு இல்லை, குப்பைக்குத்தான். 'அப்போ பழைய சோறு?'னு கேட்பீங்க. அது தண்ணி ஊத்தி, புளிக்கவச்சு, மறுநாள் காலையில சாப்பிடுறது. அந்தப் புளிப்பு வேற ஆட்டம். டப்பாவுல மறந்த சோத்துக்கு அந்தப் பெருமை கிடையாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமுக்குக் கணக்கு இதுதான். சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில இருந்ததைத் தொடாதீங்க. சமைக்காத காய், தண்டு, பருப்பு மிஞ்சினா அது மிச்சம், நாளைய சூப்புக்கு வச்சுக்கலாம். சமைச்சது மிஞ்சி ராத்திரி முழுக்கக் கிடந்தா அது பழசு. அதனாலதான் நம்ம ரூம் பசங்க அளந்து வைக்கிறாங்க, மூணு பேருக்கு மூணு தட்டு, பாத்திரம் காலி.

இவ்வளவு கறாரா இருக்கணுமான்னு கேட்டா, அந்த மெக்கானிக்கல் தம்பி பட்டுனு சொன்னார். "அண்ணா, இந்த ஏரியாவுல போய் இதைக் கேட்கிறீங்களே!"

நியாயம்தான். 2021 டிசம்பர்ல நடந்ததை இந்த ரோடு மறக்கலை. சுங்குவார்சத்திரம் பக்கத்துல ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒண்ணுல சாப்பாடு விஷமாச்சு. 250 பேருக்கு மேல பாதிப்பு, 159 பேர் ஆஸ்பத்திரியில. எத்தனையோ பேர் உங்க வயசு, சிலர் உங்களைவிடச் சின்னவங்க. கூட வேலை பார்க்கிறவங்க என்ன ஆனாங்கன்னு சரியான தகவல் கிடைக்காம, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு ஹைவேஸ்ல உட்கார்ந்தாங்க. வண்டி நின்னுச்சு, ஆலை மூடினாங்க. தொழிலாளர்கள் தங்குற சில இடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கிட்டுச்சு. 2022 ஜனவரி 12-ந் தேதிதான் ஆலை திரும்பத் திறந்தது. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்குற மாதிரி ரூ.706.50 கோடியில பெண்களுக்கான குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்து வச்சார். ஒரு தட்டு சாப்பாட்டுல ஆரம்பிச்ச விஷயம் எங்கே போய் நின்னுச்சு பாருங்க.

ரூம்ல சூப் வைக்கிறதால அதெல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரலை. விடுதிச் சமையல்கட்டைச் சுத்தமா வைக்க வேண்டியது விடுதி நடத்துறவங்க கடமை, அங்கே சமைக்கவே அனுமதி இல்லாத பெண்கள்கிட்ட 'நீயே சூப் வச்சுக்கோ'ன்னு சொல்றது அபத்தம். உங்க ஹாஸ்டல்லயும் ஒளிச்சு வச்ச குக்கர் வேண்டாம். அதுக்குப் பதிலா மெஸ் கமிட்டியில உட்காருங்க. மெஸ் சுவத்துல 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் நம்பர் மாட்டியிருக்கான்னு பாருங்க. மதியம் வச்ச குழம்பு ராத்திரி வேற பேர்ல வருதான்னு கேளுங்க. ஐந்நூறு பேருக்குக் காய் நறுக்குற இடத்துல விழுற தண்டும் இலையும் எவ்வளவு இருக்கும்! வாரத்துக்கு ரெண்டு நாள் அதுல பருப்பு சூப் கேட்டா, மெஸ் மாஸ்டர் முதல்ல முறைப்பார். அப்புறம் செலவு கம்மின்னு தெரிஞ்சதும் அவரே சிரிப்பார்.

நாங்க போன அன்னிக்குக் கூறுல இருந்தது பரங்கி, பூக்கோஸ் இலை, ரெண்டு முள்ளங்கி. மூடியைத் திறந்ததும் மிளகு வாசனையில பக்கத்து ரூம் பையன் எட்டிப் பார்த்தார். மூணு தட்டுக்கு அளந்து வச்ச சூப்பு அன்னிக்கு அஞ்சாச்சு. கொஞ்சம் தண்ணியாத்தான் இருந்துச்சு, முள்ளங்கி லேசா வாடை அடிச்சுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா பதினொன்னரைக்கு வெறும் பாத்திரம்தான் மிச்சம். யார் கழுவுறதுங்கிற சண்டை தமிழ், இந்தி, ஒடியான்னு மூணு மொழியில நடந்துக்கிட்டு இருக்கும்போதே நாங்க செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டோம்.